சாகாத மீனாகப் பார்த்து

மீன் என்றால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வருவது. அதைத் தாண்டி எங்களுக்கும் அதற்கும் பழக்கம் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் நெஞ்சு.

அவர் லோடு வண்டி ஓட்டுகிறவர். பாலவனத்தத்திலிருந்து பருத்தி, வெங்காயம், சிமெண்டு என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு மதுரை, தூத்துக்குடி என்று போவார். ஒருநாள் டீக்கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். மறுபடி காட்டப் போனபோது, இனி தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இவர்தான் சாவியைத் தொடவில்லை. வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையால் இன்னொரு கையின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் யாராவது இருமினால்கூடத் திடுக்கிடுவார்.

அந்த ஆஸ்பத்திரியில், காத்திருக்கிற இடத்தில் பெரிய மீன் தொட்டி ஒன்று இருந்தது. எங்களைக் கூப்பிடும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் அவர் கை நாடிக்குப் போகவில்லை. அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். அடுத்த வாரமே அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி, டிவி பக்கத்தில் வைக்கிற அளவுக்கு ஒரு சின்னத் தொட்டியும் இரண்டு தங்கமீனும் வாங்கி வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் இரண்டு விதம். போர் தண்ணீர் உப்பு. துணிக்கும் பாத்திரத்துக்கும் அதுதான், சோப்பு கூட நுரைக்காது. குழாயில் எப்போதாவது வருகிற ஆற்றுத் தண்ணீர்தான் நல்ல தண்ணீர். அது வருகிற அன்று தெருவே குடத்தோடு வாசலில் நிற்கும். வீட்டுக்கு வந்தவர்களுக்கு உப்புத் தண்ணீரைக் கொடுப்பது அவர்களை அடித்து விரட்டுவதற்குச் சமம். மீனுக்கும் நான் அந்த மரியாதையைத்தான் செய்தேன். டிரம்மில் தேங்கிக் கிடந்ததைக்கூட ஊற்றவில்லை. அன்று காலை குழாயில் வந்த தண்ணீரை, பிளீச்சிங் பவுடர் வாசம் போகாமல் அப்படியே பிடித்து ஊற்றினேன்.

மறுநாள் இரண்டும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

அன்றைக்கென்று பார்த்து நரிக்குடியிலிருந்து என் நாத்தனார் தன் தம்பியைப் பார்க்க வந்திருந்தார். செத்த மீனைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தம்பியின் தலையைத் தடவிக் கொடுத்து, "விடுப்பா, உனக்கு வந்தத அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. இனி ஒனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். வீட்டு மீன் செத்தால் வீட்டாளுக்கு வர இருந்த கெட்டது கழிந்தது என்பது ஊரெல்லாம் சொல்கிற பேச்சுதான். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். என் வீட்டுக்காரரும் அன்று ஒருவாய்ச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். எனக்கும் போகட்டும் என்றுதான் இருந்தது.

தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மறுபடி புதுசாக வந்த நல்ல தண்ணீரை ஊற்றி, பட்டையாக வரி வரியாக இருந்த ஏஞ்சல் மீன் ஒரு ஜோடி வாங்கி விட்டேன். விடிந்து நான் எழுந்து வரும்போது அவர் எனக்கு முன்னால் எழுந்து தொட்டி முன் உட்கார்ந்திருந்தார். ஒன்று அடியில் சாய்ந்து கிடந்தது. இன்னொன்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"எத்தனதான் வாங்கிக்கும்?" என்றார் அவர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "அப்ப எனக்கு இன்னும் எவ்வளவு வர இருக்கு?"

அதன் பிறகு அவர் தெருமுனைக்குப் போவதும் நின்றது. ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்சூரன்ஸ் காயிதம் பீரோ மேல்தட்டுல இருக்கு, தெரியும்ல?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டேன்.

"ஏங்க, அந்த மீனு வந்து முழுசா ஒரு நாளு ஆகல. ஒங்க மூஞ்சியக்கூடச் சரியாப் பாத்திருக்காது. ஒங்களுக்காகச் சாகுறதுக்கு அதுக்கென்ன தலையெழுத்து? ஒங்களுக்கு வாரத வாங்கிக்கிற ஆளு வேணும்னா, இந்தா நான் நிக்கிறேன்ல."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "தொட்டியத் தூக்கிரு" என்றார்.

தூக்கினால் அவர் பயந்தது உண்மையென்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தூக்காமல் காலியாக வைத்திருந்தாலும் அதுவே அவரை முறைத்துக்கொண்டிருக்கும். இன்னொரு மீன் வாங்கியே ஆக வேண்டும், அது சாகவே கூடாது. அது செத்தால் இவர் எழுந்திருக்க மாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"எது சாகாது தம்பி?" என்று மீன் கடைக்காரரிடம் கேட்டேன்.

"சாகாத மீனு எங்கக்கா இருக்கு?" என்று சிரித்தார் அவர். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "தங்கமீனு ஒங்க தொட்டிக்குப் பெருசு. சின்னத் தொட்டின்னா ஃபைட்டர்தான். ஒத்தையா இருக்கும், ஒரு தொந்தரவும் பண்ணாது."

ஃபைட்டர் அழகாகத்தான் இருந்தது, கல்யாணப் பட்டு மாதிரி செதில். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது போய் ஒரு இலைமேல் சாய்ந்து படுத்துக்கொண்டது. குனிந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா, ரெஸ்ட்டு எடுக்குது."

ரெஸ்ட் எடுக்கிற மீன் எங்கள் வீட்டுக்கு ஆகாது. ஏற்கெனவே ரெஸ்ட் எடுக்கிற ஒருவரை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு போதும். அடுத்து கப்பியைக் காட்டி, "நல்லா குட்டி போடும், ஆயுசுதான் கொஞ்சம் கம்மி" என்றார். ஆயுசு என்ற சொல்லைக் கேட்டதும் அந்தத் தொட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கடைசித் தொட்டியில் கறுகறுவென்று சில மீன்கள் ஒரு நிமிஷம் நிற்காமல் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே திரிந்தன. மோலி என்றார். கறுப்பாயிற்றே என்று யோசித்தேன். பிறகு, கண்ணேறுக்குக் கறுப்புதானே கட்டுகிறோம் என்று தேற்றிக்கொண்டேன். நாத்தனார் சொன்னதை நம்பியதற்கு வீட்டுக்காரரைத் திட்டிய அதே வாயோடு நான்தான் அப்படி நினைத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பிளாஸ்டிக் பை கசிந்துகொண்டே வந்தது. மடி முழுக்க ஈரம். வீட்டுக்கு வந்து சேரும்போது மீன் இரண்டும் பையின் மூலையில் கொஞ்சம் தண்ணீரில் துள்ளிக்கொண்டிருந்தன. குழாயில் நல்ல தண்ணீர் வந்து நாளாகியிருந்தது, டிரம்மும் அடி காய்ந்து கிடந்தது. அக்கம்பக்கத்தில் போய்க் கேட்டு வாங்கவும் நேரமில்லை. மோட்டாரைப் போட்டு, உப்புத் தண்ணீரைத் தொட்டியில் நிறைத்தேன்.

"அதயா ஊத்துற?" அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "செத்துரும்."

நான் பையைக் கவிழ்த்தேன். இரண்டும் ஓரத்தில் போய் அசையாமல் நின்றன. அவரும் அசையவில்லை, நானும் அசையவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. பெரியது மெல்லத் திரும்பி வந்து கண்ணாடியைக் கொத்தியது. நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் விடியுமுன் தலையைக்கூட முடியாமல் ஓடிப் பார்த்தேன். திரிந்துகொண்டிருந்தன. அதற்கடுத்த நாளும் திரிந்தன. பிறகு குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. பாவம், இனியாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன்.

"அதுல கைய வைக்காத" என்றார் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் குரல் அப்படிக் கனத்து நான் கேட்டதே இல்லை.

பிளீச்சிங் போட்ட தண்ணீர்தான் முந்தைய மீன்களைக் கொன்றது, இந்த மோலிக்கு உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீர்தான் பிடிக்கும் என்பதெல்லாம் பிறகு கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "அப்ப எனக்காகச் சாகல" என்று ஒருமுறை சொன்னார். கொஞ்சம் கழித்து, வெளியே வண்டிக் கண்ணாடியைத் துடைக்கிற சத்தம் கேட்டது. முதலில் அருப்புக்கோட்டை வரைக்கும் போய் வந்தார். பிறகு விருதுநகர். இதற்கிடையில் பெரிய மோலி குட்டி போட, அவை பிளாஸ்டிக் செடிக்குள் கொசு மாதிரி ஓடித் திரிந்தன. காலையில் அவர் டீ டம்ளரோடு தொட்டி முன்னால் உட்கார்ந்து சின்னச் சிரிப்பு சிரிப்பார்.

நெஞ்சுவலிக்குப் பிறகு தூத்துக்குடிக்கு அவர் முதல் லோடு ஏற்றிய அன்று காலை, அந்தப் பெரிய மோலி செத்துக் கிடந்தது.

நான்தான் முதலில் பார்த்தேன். வலையால் அள்ளி, கைக்குள் பொத்தி, கொல்லைப்பக்கம் திரும்பினேன். அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையை விரிக்கச் சொன்னார், பார்த்தார். "வயசாயிருச்சு அதுக்கு. அது பாட்டுக்குச் செத்துருக்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"இன்னைக்கு வேணாங்க" என்றேன். என்னையறியாமல் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்திருந்தேன். அவருக்குச் சொன்ன நியாயமெல்லாம் எனக்கு மறந்து போயிருந்தது. என் கை அவர் நெஞ்சின்மேல் இருந்தது. அவர்தான் முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"சும்மா இரு புள்ள. வாரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று நான் உலை வைக்கவில்லை. தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு குட்டி செடிக்குள் போய் மறைந்தால், அது வெளியே வரும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் போன் அடித்தது.

"லோடு எறக்கியாச்சு. கெளம்பிட்டேன்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"குட்டியெல்லாம் நல்லா இருக்குங்க" என்றேன் நான்.