குன்வோருக்கு வந்த ஒரு குரோனர்

குன்வோர் எங்கள் பிரிவுக்கு வருமுன் டிராமன் நகர வங்கியொன்றின் கவுண்டரில் பத்து வருடம் உட்கார்ந்தவள். தீவிரவாதிகளுக்குப் போகும் பணத்தைத் தடுப்பதுதான் எங்கள் வேலை. நாங்கள் பெரிய தொகைகளைத் துரத்துவோம், அவள் சில்லறையைத் துரத்துவாள்.

“பெரிய தொகைக்குப் பின்னாடி வக்கீல்தான்டா இருப்பான், தெர்யே. குண்டு வைக்கிறவன் துளித்துளியாத்தான் அனுப்புவான்,” என்பாள் என்னிடம், ரொட்டியைக் கடித்தபடி. அப்படியே மூன்று கும்பல்களைப் பிடித்தாள். பேர் வாங்கிக்கொண்டது மேலதிகாரிகள். எனக்கு இன்றும் அதில் எரிச்சல்தான்.

நான்காவதாக ஒரு தச்சன் சிக்கினான். வேலைக்கே போகாதவன், ஊர் ஊராகப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தான். எங்கள் நாட்டில் யாருடைய வருமானத்தையும் வரித்துறைத் தளத்தில் யாரும் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் சம்பளத்தை ஒருமுறையாவது எட்டிப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. ஆனால் பார்த்தவர் பெயர் பார்க்கப்பட்டவருக்குத் தெரிந்துவிடும். அதனால் அலுவலகத்தில் எங்களுக்குப் பெயர் தெரியாமல் பார்க்கத் தனி வழி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் காபி குடித்துக்கொண்டே, குன்வோர் பழக்கதோஷத்தில் சொந்தப் பெயரில் நுழைந்து அவன் வருமானத்தைப் பார்த்துவிட்டாள்.

செவ்வாயன்று அவள் கைபேசியின் பணச் செயலிக்கு அவனிடமிருந்து எங்கள் நாட்டு நாணயத்தில் ஒரே ஒரு குரோனர் வந்தது. கூடவே ஒரு வரி: ‘மஞ்சள் திரைச்சீலை அழகு.’

அவள் சமையலறைத் திரை மஞ்சள்தான்.

“மேலே சொல்லிடு, குன்வோர்.”

“சொன்னா என் வேலையும் போச்சு, கேஸும் போச்சு. இந்தப் பிரிவுல இருபது வருஷம்டா!”

அன்றே திரையை மாற்றினாள். இருட்டுமுன் இன்னொரு குரோனர்: ‘மஞ்சளே தேவலை.’ அப்புறம் வந்துகொண்டே இருந்தது. ‘மாடிப்படி விளக்கு எரியவில்லை, பார்த்து ஏறு.’ ‘நேற்று ஏன் தூங்கவில்லை?’ அவள் கன்னம் ஒட்டிப்போனது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, “திங்கட்கிழமை எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். தூங்கினாப் போதும்டா எனக்கு,” என்றாள்.

அன்று மதியமே ஒரு வங்கியின் சந்தேக அறிக்கை என் கணினிக்கு வந்தது. கண்காணிப்பில் இருக்கும் அந்தத் தச்சனிடமிருந்து ஒரு பெண் திரும்பத் திரும்பப் பணம் பெறுகிறாள் என்றது. கீழே குன்வோரின் பெயர். அறிக்கையில் இருப்பவரிடம் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது, சட்டம் அப்படி. அவளோ எதிர் நாற்காலியில்.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிறே?”

“ஒண்ணுமில்ல. தலைவலி.”

அவள் கைபேசி அதிர்ந்தது. படித்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு குரோனர், ஒரு வரி:

‘தெர்யே உன்னிடம் சொல்லமாட்டான்.’