பக்கத்து இருக்கையில் பிரேக் இல்லை

பூட்டானின் திம்புவில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவரே வாகனத்தையும் ஓட்டினார். முழங்கால்வரை கட்டம் போட்ட அங்கி, கறுப்பு நீளக் காலுறை, பளபளக்கும் சப்பாத்து. நான் முன்னிருக்கையில் இருந்தேன், மகள் பின்னால். ஹோட்டலைவிட்டு இறங்கிய முதல் வளைவிலேயே என் வலது கால் தானாக நீண்டு தரையை அழுத்தியது. அடுத்த வளைவிலும் அதேதான்.

"மேடம், அந்தப் பக்கம் பிரேக் இல்லை," என்றார் அவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பின்னாலிருந்து மகளின் சிரிப்பு. "ஐந்து மாசமா இப்பிடித்தான்" என்று ஆங்கிலத்தில் அவருக்கு விளக்கம் வேறு.

ஐந்து மாதங்களுக்கு முன், சிட்னியின் செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தியில், எங்களுக்குப் பச்சை விளக்கு எரியும்போதே யூட் எனப்படும் சிறு லொறி ஒன்று குறுக்கே வந்து இடித்தது. ஓட்டியவள் மகள். அவளுக்கு மணிக்கட்டு எலும்பில் சிறு வெடிப்பு. பக்கத்தில் இருந்த எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. நடுக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

பிறகு வேறொரு கார் வாங்கி, மேய்ஸ் ஹில் கோயிலில் பூசை செய்து, நான்கு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினோம். அதோடு சரி. அவள் சாவியைக் கேட்கும்போதெல்லாம், "திறப்பை அப்பா எங்கையோ வைச்சிட்டார், தேடித் தாறன்" என்று சமாளித்துவந்தேன். சிட்னிக்குத் திரும்பிய கையோடு அவளுக்கு ஆஸ்பத்திரியில் தாதியர் பயிற்சி தொடங்குகிறது. காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒழுங்கான பஸ் கிடையாது. கார் இல்லாமல் முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

திம்புவின் நடுச் சந்தியில் சிக்னல் விளக்கே இல்லை. பூவேலை செய்த ஒரு சின்ன மண்டபத்துக்குள் நின்று, வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர் ஒருவர் கைகளாலேயே வாகனங்களை அழைப்பதும் நிறுத்துவதுமாக இருந்தார். நான் இறங்கி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, இவ்வளவு தூரம் வந்தது ட்ராஃபிக் பார்க்கவோ?"

"பொறு பிள்ளை. ஒவ்வொரு டிரைவரின்ர முகத்தையும் பார்த்துத்தான் விடுறார்."

நினைவுத்தூபியை வலம்வந்து முடிய நல்ல பசி. சாப்பாட்டுக் கடையில், "காரம் குறைக்கச் சொல்லவா?" என்று வழிகாட்டி கேட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. நாங்கள் யாழ்ப்பாணம், மிளகாயை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம் என்றேன். போதாததற்கு, உணவு சப்பென்று இருந்தால் தொட்டுக்கொள்ள வீட்டிலிருந்து மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் கொண்டுவந்திருந்தேன்.

வந்த கறியில் மிளகாய்தான் மரக்கறி. பாலாடைக்கட்டியில் முழுசு முழுசாக அவித்திருந்தார்கள். இரண்டாவது வாயில் காது அடைத்தது, கண்ணால் தண்ணீர் கொட்டியது. கண் துடைக்க ரிஷூ தேடிக் கைப்பையைக் கவிழ்த்தேன். சம்பல் போத்தல், திருநீற்றுப் பொட்டலம், கடைசியாக 'டங்' என்று மேசையில் விழுந்தது, சின்ன வேல் கோத்த கார்த் திறப்பு.

மகள் அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது எங்கட கார் கீ."

நான் அதைப் பறித்துத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

"அப்பா பாவம், ரெண்டு மாசமா கராஜைக் கிண்டிக்கொண்டு திரியிறார்!"

"வீட்டில வைச்சா நீ எடுத்திடுவாய்," என்றேன், மூச்சு வாங்கி.

"அதுக்குப் பூட்டானுக்கே கொண்டு வந்தனீங்கள்? ஓ மை காட், அம்மா!"

அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. தமிழ் புரியாத வழிகாட்டி எல்லாம் மிளகாயால்தான் என்று நினைத்து, இருவர் பக்கமும் மோரைத் தள்ளினார்.

மாலையில் மலைமேல் பெரிய புத்தர் சிலையின் காலடியில் நின்றோம். நகரம் முழுவதும் கீழே சின்னதாகத் தெரிந்தது. மகள் கீழே ஊரும் வாகனங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நான் ஓட்டினது பிழை எண்டு நினைக்கிறியளோ?"

திடுக்கிட்டுப் போனேன். ஐந்து மாதமாக இதையா மனதில் வைத்திருந்தாள்?

"இல்லையடி. நீ சரியாத்தான் ஓட்டினனி. பச்சைக்குத்தான் போனனி. சரியா ஓட்டியும் இப்பிடி நடந்ததெல்லோ, அதுதான் எனக்குப் பயம்."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. பையிலிருந்து திறப்பை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"முதல் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், நானும் பக்கத்தில இருந்து வருவன்."

"ஓகே. ஆனா ரெண்டு காலையும் சீட்டில மடிச்சு வைச்சுக்கொண்டு வரவேணும்."

மலையிலிருந்து இறங்கும்போதே ஒத்திகை பார்த்தேன். பெல்ட்டைப் போட்டு, முன்னிருக்கையில் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன். வழிகாட்டி என்னையும் கீழே கழற்றி வைத்த சப்பாத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாகனத்தை எடுத்தார். மூன்று வளைவு தாங்கினேன். நான்காவதில் எதிரே ஒரு லொறி வந்தது. வலது கால் கீழே இறங்கிவிட்டது.

"மூண்டு," என்றாள் மகள் பின்னாலிருந்து. "முதல் நாளுக்கு நல்ல ஸ்கோர்."