தடுப்பூசி நாள்ல மனசு டாக்டர்

நர்சிங் காலேஜ்ல ஊசி போட ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்துடுவாங்க. வாய மூட மூணு வருஷம் போதல. என்னயாட்டம் டிரெயினிங்னு வூடு வூடா ஏறி எறங்கி, நாய்க்கும் மாமியாருக்கும் பயந்து நின்னவங்களுக்கு நான் சொல்றது புரியும். எனக்கு பாகூர் பக்கம் ஒரு சுகாதார நிலையத்துல போஸ்டிங்.

மணப்பட்டு வூடு

மணப்பட்டு ஊர்ல கலான்னு ஒரு பொண்ணு. அதுக்குத் தாய் இல்ல. அதனால தலப்பிரசவம் மாமியார் வூட்லயே. பாப்பாவுக்கு ஒரு மாசம். நான் போனப்ப மடியில பாப்பா அழுவுது, கலா செவுத்தப் பாத்துனு ஒக்காந்திருக்கு. "தூங்கினியா?"ன்னேன். மாமியார் முந்திக்கினாங்க. "பச்ச ஒடம்பு, பகல்ல தூங்கினா நீர் கோத்துக்கும்மா." ராத்திரி பாப்பா வுடறதில்ல, பகல்ல மாமியார் வுடறதில்ல. அப்ப எப்பதான் தூங்கறது?

மாமியார் அடுப்பாண்ட போனதும் கலா என் கையப் புடிச்சிது. "பாப்பாவத் தூக்கினு கெணத்தாண்ட போவவே பயமா இருக்குக்கா. என்ன நானே நம்ப முடியல."

செவப்பு இங்க்கு

எங்க ஃபாரத்துல பாப்பா எடைக்குக் கட்டம் இருக்கு, தொப்புளுக்கு இருக்கு, தாய்க்கு ஜொரமான்னு கேக்க இருக்கு. தாயோட மனசுக்கு ஒன்னும் இல்ல. நான் ஓரத்துல செவப்பு இங்க்குல, 'தூக்கம் இல்ல, உயிருக்கு ஆபத்து'ன்னு பெருசா எழுதி எங்க சென்டர் டாக்டர் மேசமேல வெச்சேன். அவரு படிச்சாரு, மூக்குக் கண்ணாடியக் கழட்டினாரு. "கட்டமே இல்லாத வியாதிக்கு நான் எந்தக் கட்டத்துலம்மா மருந்து எழுதறது?"

நான் போட்ட சண்ட

அந்தக் கோவத்தோட நேரா மணப்பட்டு போனேன். தெருவே வேடிக்க பாக்க மாமியார நிக்க வெச்சி, "இது மனநோய்! தூங்க வுடாமலே கொல்லப் பாக்கறீங்களா?"ன்னு கத்துனேன். நியாயம் என் பக்கம். அதுல எனக்கு இன்னிக்கும் சந்தேகமில்ல. ஆனா மனநோய்னு நான் சொன்னா, தெருவுக்கு அது பைத்தியம்தான்.

ரெண்டு நாள் கழிச்சிப் போனா கலா இல்ல. சோரியாங்குப்பத்துல அண்ணன் வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. பாப்பா இங்க, டின் பால்ல. கலாவோட நாத்தனார் வசந்தா, பதினேழு வயசுப் பொண்ணு, பாப்பாவத் தோள்ல போட்டுத் தட்டினே சொல்லிச்சி. "நீ தெருவுல கத்தாம இருந்திருந்தா அண்ணி இங்கியே இருந்திருக்குமில்ல?"

புதன்கிழம

டவுன் ஆஸ்பத்திரியில மனசு டாக்டர் ஒருத்தர் இருந்தாரு. ஆனா அந்த ரூம் வாசல்ல நின்னதப் பாத்தாலே ஊருல பேரு கெட்டுப்பூடும். நான் அவராண்ட போயி, "நீங்க எங்க சென்டருக்கு வாங்க சார். புதன்கிழம தடுப்பூசி. தராசு பக்கத்துல ஒக்காருங்க. யாரு எதுக்கு வந்தாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது"ன்னு ஒரு மணி நேரம் வாதாடுனேன். என் தொல்ல தாங்காம ஒத்துக்கினாரு.

அப்பறம் மாமியாராண்ட போனேன். தாய் மடியில வெச்சாதான் பாப்பாவுக்கு ஊசி போடுவோம்னு கூசாம பொய் சொன்னேன். புதன்கிழம மாமியார் பாப்பாவோட வந்தாங்க, கலாவோட புருஷன் சைக்கிள்ல கலாவ இட்டாந்தான். பாப்பா மடிக்கு வந்ததும் கலா அழுத அழுவ, ஊசிக்கு அழுத பாப்பாவ மிஞ்சிடுச்சி. மனசு டாக்டர் பொறுமையா கேட்டாரு. மாத்தர எழுதி, அதுக்குக் கீழ, 'பகலில் மூணு மணி நேரம் தூக்கம், தனியா வுடக்கூடாது, வாரா வாரம் வரணும்'னு எழுதினாரு.

மாமியார் அந்தச் சீட்ட மடிச்சி இடுப்புல சொருவிக்கினாங்க. அன்னிக்கே மருமவள வூட்டுக்கு இட்டுனு போனாங்க. போறப்ப என்ன மொறச்சாங்க. "டாக்டரு சீட்டுல எழுதினா சரி. காட்டுக் கத்தல் கத்தினா எவ நம்புவா?"

மூணாவது வாரம்

மனசு டாக்டர் வாரா வாரம் வந்தாரு. அந்தப் புதன் வரிசையில பாப்பாவோட வசந்தா நின்னுது. கையில இருந்தத அப்பிடியே வெச்சிட்டு ஓடுனேன்.

"இன்னாடி, அண்ணி எங்க?"

"கூட வந்துதுக்கா. மாத்தர வாங்க அங்க நிக்குது. இப்பல்லாம் நல்லாத் தூங்குது."

"பாப்பாவுக்குதான் ஊசி போட்டாச்சே, நீ ஏன் வரிசையில நிக்கிற?"

முன்னாடியும் பின்னாடியும் ஒரு தடவ பாத்துட்டு, பாப்பாவ இறுக்கிக்கினு சொல்லிச்சி. "பாப்பா சும்மா தொணைக்கிதான்க்கா. எஸ்.எஸ்.எல்.சி. பெயிலானதுலேர்ந்து எனக்குத்தான் தூக்கமே இல்ல."

ஆக, எங்க பக்கம் மனசு சரியில்லன்னு டாக்டரப் பாக்கணும்னா, மொதல்ல யாராண்டயாவது ஒரு கைக்கொழந்தைய எரவல் வாங்கணும்.