அக்காவின் சீட்டுகளை நான் வாசிக்கவில்லை

என் அக்கா எழுதிய ஸ்தோத்திரச் சீட்டுகளை இரண்டு வருடங்கள் சபையில் வாசிக்காமல் மறைத்தேன். அவற்றுக்குப் பதிலாக நானே எழுதிய ஒரு வரியை அவர் பெயரால் வாசித்தேன். அவருக்கு வந்த நோய் அதனால் யாருக்கும் தெரியாமல் போயிற்று. அவர் மரித்த பிறகும் பதினொரு மாதங்கள் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் சபையாரும், அக்காவின் வாழ்க்கையைப் படிக்கும் முன்னால் இதைப் படிக்க வேண்டும் என்று அவருடைய மகள் ஷீபா கேட்டாள். அவள் கேட்டது நியாயம்.

அக்கா மலையாளம் பேசும் துறைமுகப் பகுதியான மட்டாஞ்சேரியில் பிறந்தார். மட்டாஞ்சேரியிலேயே, அதே மாடி வீட்டில், எண்பது வயதுவரை வாழ்ந்தார். எங்கள் அப்பா திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வெலிங்டன் தீவில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு வந்தவர். அம்மாவும் அந்தப் பக்கம்தான். ஒரு சந்துக்குள் கீழே ஒரு குடும்பமும் மேலே நாங்களுமாக இருந்த வீடு அது. மேலே போக நெட்டுக்குத்தான மரப்படி பதினான்கு. அந்தப் படிகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அப்பாவுக்கு முறுமுறுப்பு ஆகாது. வனாந்தரத்தில் முறுமுறுத்த ஜனங்களைச் சர்ப்பங்கள் கடித்த வேதாகமக் கதையை அடிக்கடி சொல்வார். எங்கள் வீட்டில் குறை என்று எதையும் சொல்லக்கூடாது. சாயங்கால ஜெபத்தில் ஒவ்வொருவரும் அன்றைய கஷ்டத்தை ஸ்தோத்திரமாக மாற்றித்தான் சொல்ல வேண்டும். "மண்ணெண்ணெய் நாளைக் காலை வரைக்கும் இருக்கு, ஸ்தோத்திரம்" என்பார் அம்மா. மறுநாள் விடிந்ததும் அப்பா டின்னைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார். அக்கா ஒருநாள், "டீச்சர் கையில மட்டுந்தான் அடிச்சாங்க, ஸ்தோத்திரம்" என்றார். "எதுக்கு அடிச்சாங்க? அதையும் ஸ்தோத்திரமாச் சொல்லு பாப்போம்" என்று அப்பா சொல்ல, ஜெபத்தின் நடுவில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் நன்றி சொல்வது நன்றியாகவும் இருந்தது, சேதியாகவும் இருந்தது. காது கொடுப்பவனுக்கு அதில் எல்லாம் இருக்கும். அந்த வீட்டில் வளர்ந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். இதை என்னால் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்து. இருவரில் ஒருவர்தான் படிக்க முடியும் என்று ஆயிற்று. அக்கா சுக்குக் கிடங்குக்கு வேலைக்குப் போனார். சுண்ணாம்பில் புரட்டி வெளுக்க வைத்த சுக்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துச் சலிப்பது பெண்களின் வேலை. கிடங்கு முழுக்க வெள்ளைப் புழுதி பறக்கும். மாலையில் புருவம்வரை வெளுத்துப்போய் வருவார். "கிறிஸ்மஸ் தாத்தா வந்துட்டாரு" என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார், சிரிப்பு இருமலில் முடியும். அன்றைய ஸ்தோத்திரம், "கண்ணுல சுண்ணாம்பு விழல" என்பதாக இருக்கும். அந்தப் புழுதியை அவர் முப்பத்திரண்டு வருடங்கள் சுவாசித்தார்.

அங்கேயே சுமைதூக்கும் வேலை செய்த ஒருவரை மணந்தார். ஷீபா பள்ளிக்கூடம் போகும் வயதில் அத்தான் காலமானார். ஷீபாவையும் அக்காவே தனியாக வளர்த்து, படிக்கவைத்து, திருப்பூணித்துறையில் கட்டிக்கொடுத்தார். சபையில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் மூன்றாம் நாள் அக்காவின் கஞ்சி அங்கே போய்ச் சேரும். நானோ படித்துக் கல்லூரியில் சரித்திர ஆசிரியனாகி, தேவராவில் வீடு வாங்கிக்கொண்டு போனேன். பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் எப்படி வாசிக்க வேண்டும், எழுதியவர் சொல்லாமல் சொன்னது என்ன என்று மாணவர்களுக்கு முப்பது வருடம் பாடம் எடுத்தேன்.

ஓய்வு பெற்றதும் நம் தமிழ்ச் சபைக்கு என்னைச் செயலராக வைத்தார்கள். கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். கர்த்தர் அந்த வாரம் செய்த நன்மையைச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். காணிக்கைப் பாட்டுக்கு முன் செயலர் அவற்றை வாசிப்பார். பரீட்சையில் தேறியது, விசா கிடைத்தது, வீடு பால் காய்ச்சியது என்று வரும். அக்கா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார். அப்பாவுக்குச் சொன்னது போலவே எழுதுவார்.

ஒரு ஞாயிறு அவர் சீட்டை வாசித்தேன்: "தோப்பும்படி பஸ்ஸில் வாந்தி வராமல் கோயில் வாசல்வரை அடக்கித் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம்." வாலிபர் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. ஆராதனை முடிந்ததும் கமிட்டியில் ஒருவர் என் தோளைத் தட்டினார். "சாரே, உங்க அக்கா புண்ணியத்துல கர்த்தருக்கு நம்ம பஸ் ரூட்டெல்லாம் மனப்பாடம் ஆயிருக்கும்." நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முகம் எரிந்தது.

அடுத்த ஞாயிறு அக்காவின் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மட்டாஞ்சேரி சகோதரி ஒருவர், தேவன் செய்த சகல நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று.

ஒருமுறை வாசலில் என்னை நிறுத்தினார். "தம்பி, என் சீட்டை நீ வாசிச்ச மாதிரி இல்லையே?"

"நேரம் இல்லக்கா. எல்லாம் அதுல அடங்கிருச்சு."

"அப்படியா?" என்று என்னைப் பார்த்தார். "சரி, உனக்குத்தான் படிப்பு உண்டு."

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. கிழித்துப் போட எனக்கு மனம் வராததால், சீட்டுகளை என் வேதாகமத்தின் உறைக்குள் செருகிவந்தேன். செருகும் முன் ஒவ்வொன்றையும் படித்தேன். படிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகும்.

அறுப்பின் பண்டிகை வாரம்: "மாடிப்படியில் ஒரே இடத்தில் மட்டும் நின்று ஏறினேன், ஸ்தோத்திரம்." கிறிஸ்மஸுக்கு முன்: "மூன்று இடத்தில் நின்றாலும் விழாமல் காத்தார்." லெந்து நாட்களில்: "படுத்தால் மூச்சு முட்டுகிறது. சாய்ந்து தூங்க நாற்காலி தந்திருக்கிறார்." ஈஸ்டர் கழிந்து: "ரவிக்கை எல்லாம் தளர்ந்துவிட்டது. பிடித்துத் தைக்கக் கண்பார்வை வைத்திருக்கிறார்." பிறகு: "தண்ணீர்க் குடத்தைக் கீழ்வீட்டுச் சேட்டன் மேலே கொண்டுவந்து வைக்கிறார், ஸ்தோத்திரம்."

ஒவ்வொரு ஞாயிறும் இவற்றை மடித்து வைத்துவிட்டு, சகல நன்மைகளுக்காகவும் என்று நான் வாசித்தேன். சபையார் ஆமென் என்றார்கள். இதன் நடுவில் நான் அக்கா வீட்டுக்குப் போனது இரண்டே முறை. இரண்டு முறையும் அவரே கீழே இறங்கி வந்து பேசினார். அந்தப் படியில் அவர் ஏறுவதை நான் பார்க்கவில்லை.

மழை தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு. அன்றைய சீட்டில் இப்படி இருந்தது: "மூன்று நாள் இருமலில் இரத்தம் வந்தது. இன்று காலை வரவில்லை, ஸ்தோத்திரம்." பீடத்தின் அருகே நின்று அதைப் படித்தேன். வரவில்லை என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். ஆராதனை முடிந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, வழக்கமான வரியை வாசித்தேன்.

நாலாவது பெஞ்சில் அக்கா எழுந்தார். முன்பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அது இல்ல தம்பி" என்றார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் மேலே பேச வாய் திறந்தார். மூச்சு வரவில்லை. தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. எனக்குத் தெரிந்ததெல்லாம், எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது மட்டுமே. பாட்டு எண்ணைச் சொன்னேன். ஆர்கன் தொடங்கிற்று, சபை எழுந்து பாடிற்று. எல்லோரும் எழுந்து நின்றதால் அவர் எப்போது உட்கார்ந்தார் என்று தெரியவில்லை.

ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடியது. கோயிலுக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசினோம். நான் வெளியே வந்தபோது அக்கா போய்விட்டிருந்தார்.

புதன்கிழமை காலை படியின் நடுவில் அவர் உட்கார்ந்திருந்ததைக் கீழ்வீட்டுச் சேட்டன் கண்டார். எழுப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இது இன்று நேற்று வந்தது இல்லை. எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டார். "அம்மா ஒரு வார்த்தை சொல்லல டாக்டர். வாராவாரம் பேசுவேன், ஒரு வார்த்தை சொல்லல" என்று ஷீபா அழுதாள். டாக்டர் என்னிடம் திரும்பி, "நீங்கள்?" என்றார்.

"தெரியாது" என்றேன். ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு அப்போதும் என் சட்டைப்பையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை அக்காவுக்குச் சற்றே தெளிவு வந்தது. முகத்தில் இருந்த ஆக்சிஜன் மூடியை விலக்கி, என்னைக் கிட்டே அழைத்தார். "ஞாயித்துக்கிழமை பாட்டு நல்லா இருந்துச்சு, தம்பி" என்றார். எங்கள் அப்பாவின் பிள்ளைகள் இருவருக்கும் அதன் அர்த்தம் தெரியும். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுவே. சனிக்கிழமை விடிந்தபோது கர்த்தர் அவரைத் தம்மிடம் எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டியவர்களைச் சொல்லிவிடுகிறேன், எதற்காக என்பதையும் சேர்த்து. மாதக்கணக்கில் குடம் சுமந்து, கடைசியில் அக்காவைத் தன் தோளில் தூக்கி இறக்கிய கீழ்வீட்டுச் சேட்டனுக்கு. கொட்டும் மழையில் கல்லறைக் குழிக்குள் தண்ணீர் நிற்காதபடி, பெட்டி இறங்கும்வரை வாளியால் இறைத்துக்கொண்டே இருந்த இரண்டு பேருக்கு. சேலையைத் தானே இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து அக்காவுக்கு உடுத்திவிட்ட நம் சபை ரோஸ்லின் சேச்சிக்கு. மூன்று நாள் ஷீபாவைத் தனியே விடாமல் கூட இருந்த போதகரின் மனைவிக்கு. அக்காவை எனக்குத் தந்த தேவனுக்கு. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அடக்கத்துக்குப் பின் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மாதங்களில் ஷீபா மெலிந்தாள். தாயைக் கவனிக்காத மகள் என்று யாரும் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள். "எங்கிட்டச் சொல்லக்கூடத் தோணாத அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன் மாமா?" என்று என்னிடமே கேட்டாள். நான் ஆறுதல் சொன்னேன்! நான் பேசாத ஒவ்வொரு நாளும் என் குற்றத்தை அவள் சுமந்தாள்.

போன மாதம் திருப்பூணித்துறைக்குப் போய், சீட்டுகளையெல்லாம் அவள் முன் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் பாரம் இறங்கும் என்று நினைத்துப் போனேன். அவள் ஒன்றொன்றாகப் பிரித்து, தேதிவாரியாக மேசையில் அடுக்கினாள். கடைசிச் சீட்டையும் படித்து வரிசையின் ஓரத்தில் வைத்தாள்.

"அம்மா எனக்கும் இதையேதான் சொன்னாங்க" என்றாள். "'நாற்காலியில நல்லாத் தூங்குறேன், ஸ்தோத்திரம்'னு போன்ல சொன்னாங்க. சந்தோஷம்மான்னு சொல்லி வச்சுட்டேன். எனக்கு அந்தப் பாஷை தெரியாது மாமா. உங்களுக்குத் தெரியும்."

பாரம் இறங்கவில்லை. அதன் மேல் இன்னொன்றை ஏற்றிவைத்துவிட்டு வந்தேன்.

அவள் சொன்னபடி அடுத்த ஞாயிறு சபையில் எல்லாச் சீட்டுகளையும் வாசித்தேன். ஒவ்வொன்றாக, ஒரு வார்த்தை விடாமல். பஸ் சீட்டு மறுபடி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. முடித்ததும் ரோஸ்லின் சேச்சி எழுந்தார். அவர் நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். "சாரே, அந்த நாற்காலிச் சீட்டு ஒண்ணு மதியாயிருந்து எனக்கு, அது ஒண்ணே போதும், புரிஞ்சிருப்பேன். நான் அக்காவுக்குப் பின்னாடி பெஞ்சுலதானே இருந்தேன்" என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்றே செயலர் பொறுப்பைத் துறந்தேன்.

அதனால் நன்மை விளைந்தது என்று எழுத எனக்கு ஆசை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வயதான காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் சொன்னார்கள், சிலர் பேசுவதையே நிறுத்தினார்கள். வாசலில் உள்ள பெட்டி அன்றிலிருந்து காலியாகவே இருக்கிறது. எழுதினால் என்ன ஆகுமோ என்று சபைக்குப் பயம் வந்துவிட்டது. அதுவும் என்னால்தான்.

ஷீபா என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அவள் சனிக்கிழமைதோறும் போன் செய்கிறாள். சுகமா என்று கேட்பதில்லை. "இந்த வாரம் உடம்புல எது முடியல?" என்று நேராகக் கேட்கிறாள். முதல் இரண்டு வாரம், கர்த்தர் கிருபையால் நலம் என்று சொல்லிப் பார்த்தேன். நான் வேறு வார்த்தை சொல்லும்வரை அவள் போனை வைக்கவில்லை.

போன சனிக்கிழமை சொன்னேன். "இடது கால் வீங்கியிருக்கு. செருப்பு நுழைய மாட்டேங்குது."

"எப்பலேர்ந்து?"

"பெந்தெகொஸ்தேக்கு முன்னாலேர்ந்து."

அந்தப் பக்கம் அலமாரி திறக்கும் சத்தமும், சாவிக்கொத்துச் சத்தமும் கேட்டன.

"பழைய மருந்துச் சீட்டெல்லாம் எடுத்து வைங்க மாமா. நான் வந்துட்டிருக்கேன்."