கஸ்தூரி அக்கா மடியில் ஐந்து போன்

எங்கள் சுரங்க ஊர் சாம்பியன் ரீப்ஸில் ஆபீஸ் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வருவதற்குள் அந்த யோசனை வந்துவிட்டது. அன்றைக்கு ஏனோ தூங்காமல் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையில் இருந்துகொண்டே மனசளவில் வேலையை விட்டுவிட்டவர்கள் பற்றி ஒரு வீடியோ. இணையம் முழுக்க அப்போது அதே பேச்சு. எச்.ஆரில் சேர்ந்து இரண்டு வருடம், கை பரபரத்தது. ஆபீஸ் சாட்டில் யார் எவ்வளவு சீக்கிரம் பதில் போடுகிறார்கள் என்று பார்த்தால் இவர்களைப் பிடித்துவிடலாமே!

மேனேஜரிடம் சொன்னேன். "சூப்பர்மா. லிஸ்ட் எடு. கடைசில இருக்கறவங்கள அனுப்பிடலாம்" என்றார்.

ஒரு மாதத்தில் லிஸ்ட் தயார். மேலே என் பெயரும் இருந்தது. கடைசியில் கஸ்தூரி அக்கா. கஸ்டமர் சப்போர்ட்டில் ஒன்பது வருடம். ரயிலில் தினமும் என் எதிர் சீட்.

அவருடைய தாமதமெல்லாம் காலை ரயில் நேரத்தில்தான் என்று கண்டபோதுதான் உறைத்தது. எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம். எங்கள் ஆபீஸ்காரர்கள் நாலு பேர், ஏறியதும் லாக்கைத் திறந்து போனை அக்கா மடியில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவோம். அவருக்கு ரயிலில் தூக்கம் வராது. டீம் லீடர்கள் காலையிலேயே அனுப்பும் கேள்விகளுக்கு 'ஓகே சார்', 'நோட்டட் சார்' என்று எங்கள் பெயரில் அவர்தான் போடுவார்.

மறுநாள் கேட்டேன். "உங்க போன்ல மட்டும் ஏன்க்கா லேட்டு?"

"இன்னாம்மா கேள்வி? உங்க நாலு பேருது முடிச்சிட்டுத்தானே என்னுது. சுரங்கத்துல, கேஜ் லிப்ட்ல ஆளுங்க கீழ எறங்கினா, மேல ஒருத்தரு சிக்னல் மணி பாத்துனு நிப்பாரு. எங்கப்பாவுக்கு அந்த வேலைதான். அவரு தன் வூட்ட நெனச்சினு நின்னா ஆவுமா?"

பக்கத்து சீட் ராஜேந்திரன் கண்ணைத் திறக்காமலே, "அக்கா, என் பேர்ல ஹார்ட் மட்டும் போடாதீங்க. டீம் லீடரு ஒரு மாதிரி பாக்கறாரு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் லிஸ்ட்டைப் பற்றியும், கடைசியில் அக்கா பெயர் இருப்பதையும் சொன்னேன். ராஜேந்திரன் கண்ணைத் திறந்தார்.

"சொல்லிடாதம்மா" என்றார் அக்கா. "போன் கைமாறினது தெரிஞ்சா நாலு பேருக்கும் வேலை போவும். நான் ஒருத்தி போனா போதும்."

அன்று மத்தியானம் மேனேஜர் அறைக்குப் போனேன். மற்றவர்கள் பெயரை எடுக்கவில்லை.

"சார், லிஸ்ட்ல என் எடம் என்னுது இல்ல. காலைல எனக்குப் பதிலா பதில் போட்டது கஸ்தூரி அக்கா. போனைக் குடுத்தது நான். தப்பும் என்னுது."

"உன் வேலைக்கே ஆபத்து. தெரியுதா?"

"தெரியுது சார்."

லேப்டாப்பை மூடினார். "லிஸ்ட் திங்கக்கெழம வரைக்கும் நிக்கட்டும். அதுக்குள்ள வேற வழி கொண்டா. உன்னைப் பத்தி அப்புறம் பேசலாம்."

பதிலின் வேகத்தை அளந்த எனக்கு, அதைப் போட்ட விரல் யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. 'மனசளவில் வேலையை விட்டவர்கள்' என்று வீடியோவில் வந்த ஒரு சொல்லை, முகம் பார்க்காமல் மனிதர்கள்மேல் ஒட்டிவிட்டேன்.

இனி லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் நேரில் உட்கார்ந்து, காலை எப்படித் தொடங்குகிறது என்று கேட்டு எழுதப் போகிறேன். பயண நேரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் திங்களன்று மேஜைமேல் வைப்பேன். முதல் பேச்சு நாளைக்கு, சாம்பியன் ரீப்ஸில் ஏறியதும், எதிர் சீட்டில். என் போன் என் பையில் இருக்கும், சுவிட்ச் ஆஃப் ஆகி.