கல் மேல் வைத்த தயிர்சாத டப்பா

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சர்ச் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர் மாதிரியே கட்டியதாம். பாசி பிடித்த கல் சுவர், நடுவில் கூரை போட்ட கல் வாசல். அந்த வாசலுக்குள் இரண்டு பக்கமும் வழி விட்டு, ஆள் நீளத்துக்கு ஒரு கல் மேடை. வாசலில் எதற்கு மேடை என்று நான் யோசிக்கவே இல்லை. நம்மூர் சுமைதாங்கி மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே புல்வெளியும் சர்ச்சும்தான் தெரியும். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று யார் எட்டிப் பார்த்தார்கள்?

எனக்கு அப்போது ஏழாம் மாசம். முதல் குழந்தை ஐந்தாம் மாசத்திலேயே போய்விட்டது. இதுவாவது தங்க வேண்டுமே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன். டாக்டர் நிறைய நடக்கச் சொன்னாள். தினமும் மத்தியானம் அந்த வாசல் வரை நடப்பேன். கல் மேல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவேன். இடுப்பு வலித்தால் அதன் மேலேயே ஒருக்களித்துப் படுத்துவிடுவேன். ஜில்லென்று சுகமாக இருக்கும்.

அன்றைக்கும் பாதி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். கார் கதவு சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தால், எதிரே கறுப்பு உடையில் ஒரு கூட்டம். முன்னால் இரண்டு பேர் கையில் ஒரு வெள்ளைப் பெட்டி. சின்னப் பெட்டி.

அடக் கடவுளே! நான் எழுந்திருக்கத்தான் அத்தனை பேரும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்! பின்பக்கம் இருந்தது கல்லறைத் தோட்டம். இது சவப்பெட்டியை இறக்கி வைக்கிற கல்!

தட்டுத் தடுமாறி எழுந்தேன். பெட்டிக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு கல் மேல் திறந்து கிடந்த என் டப்பாவை எடுத்து மூடி, ரெண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள். டப்பா இருந்த இடத்தில் பெட்டியை வைத்தார்கள்.

எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. கட்டின துணியோடு தலைக்குக் குளித்தேன். அப்புறம் பார்த்தால் வயிற்றில் அசைவே இல்லை. ஜூஸ் குடித்தேன், இடது பக்கம் படுத்தேன். ம்ஹும். அவருக்கு போன் பண்ணினேன்.

காரில் விஷயத்தைக் கேட்டதும் கத்தினார். "சுடுகாட்டு வாசல்ல போய்ப் படுப்பாளா ஒருத்தி?"

"வாசல்ல பொணம் வைப்பாங்கன்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? பேசாம டிரைவ் பண்ணுங்க!"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றில் மிஷினை வைத்து இங்கே அங்கே நகர்த்தினாள். எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் கேட்டது, டபடபவென்று. ஓவென்று அழுதேன். வலிக்கிறதோ என்று நர்ஸ் பயந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர், "அந்த டப்பாவைத் தூக்கிக் குப்பையில போடு. தீட்டு" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். கையில் எடுத்தேன். மூடியைச் சுற்றிலும் அழுத்தி, நன்றாக இறுக்கி மூடியிருந்தாள். பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் பெட்டியில் வைத்துக்கொண்டு, என் சோறு சிந்திவிடக் கூடாதென்று மூடியிருக்கிறாள்.

"போட மாட்டேன்" என்றேன்.

என் பெண்ணுக்கு முதன்முதலில் சோறு பிசைந்தது அந்த டப்பாவில்தான்.