கட்டத்துக்குள் அடங்காத தெரு

சுவரில் உள்ளங்கையை வைத்துப் பைய மேலே நகர்த்துகிறார் சுகிர்தா. சாயம் வெளுத்த இடம் வந்ததும் கை நிற்கிறது. "தண்ணி இதுவரைக்குமா வந்துச்சு?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டபடியே டேப்பின் நுனியை மிதித்துக்கொண்டு இழுக்கிறார். ஐந்தடி நான்கு அங்குலம்.

பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் புள்ளியியல் ஆய்வாளர். வயது நாற்பத்தெட்டு. கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் மண்டபத்துச் சுவரில் வெள்ளத் தடத்தைத் தேடுவார். "வெள்ளையடிச்சிட்டாவளே, பாவிய!" என்று முனகுவார்.

தாமிரபரணி ஊருக்குள் புகுந்த அந்த மார்கழிக்குப் பிறகு தொற்றிய பழக்கம். பருவநிலை மாற்றத்துக்கு நாட்டைத் தயார்செய்யும் திட்டத்துக்கு மாவட்டத் தகவல் கேட்டு டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. பழைய கோப்பைப் பார்த்து நிரப்பியிருக்கலாம். சுகிர்தா ஐந்து மாதம் நடந்தார். ஆற்றங்கரையில் ஒரு தெரு மட்டும் அவரை விடவில்லை. அறுபத்திரண்டு வீடுகள், எல்லாமே பள்ளத்தில். எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, ஓடைச் சுவரை எவ்வளவு உயர்த்தினால் தண்ணீர் நிற்கும், ஓடி ஏற மாடிக் கட்டடம் எங்கே கட்டலாம் என்று எல்லாவற்றையும் எழுதினார்.

கணினியில் ஏற்றும்போது ஒரு கட்டம் மறித்தது. மாவட்டத்தின் முதன்மை ஆபத்து வறட்சியா, வெள்ளமா? ஒன்றைத்தான் சொல்லலாம். பழைய மழைக் கணக்கை வைத்து, வறட்சி என்று டெல்லியிலேயே முடிவு செய்திருந்தார்கள். வெள்ளம் என்று அமுக்கினால் படிவம் திரும்பி வந்தது.

"மானூர் பக்கம் குடிக்கத் தண்ணி இல்ல சார். ஆத்தங்கரையில ஆளு முங்குது. ரெண்டும் ஒரே வருசத்துலல்லா வருது, எத விட?" என்று மேலதிகாரியிடம் முறையிட்டார் சுகிர்தா.

அதிகாரி மகாராஜன் கெட்டவரல்ல. டெல்லிக்கு மூன்று முறை எழுதிப் பார்த்தவர். "இன்னைக்குக் கடைசி நாளும்மா. வறட்சின்னே போடுங்க. இல்லன்னா மானூருக்கும் ஒண்ணும் வராது."

சுகிர்தா அமுக்கினார். வெள்ளத்துக்கான பக்கங்கள் திரையில் மூடிக்கொண்டன.

அச்சாகி வந்த திட்டத்தில் தாமிரபரணியின் பெயர் ஒரே ஓரிடத்தில் இருக்கிறது. பாசன ஆதாரம் என்று.

இப்போதும் விடுமுறை நாளில் அளக்கப் போகிறார். யாருக்காக என்று கேட்டால், "தெரியல, சும்மா இருக்க முடியல" என்கிறார்.

இந்த ஐப்பசியில், உண்மையைச் சொல்லிவிடுவது என்று அந்தத் தெருவுக்குப் போனார். தையல்காரி ரீபா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஓடைச் சுவரு எப்பம்க்கா கட்டுதாவ? போன தடவ எங்கப்பாவ, கதவக் கழத்தி அதுல போட்டுல்லா தூக்கிட்டு ஓடுனோம். மழைக்கு முன்ன வந்துரும்லா?"

"வராது ரீபா. வெள்ளம்னு போட விடல. நாந்தான் வறட்சின்னு அமுக்குனேன்."

ரீபா ஏசவில்லை. தெருவில் இறங்கி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். மேற்கே, மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. கொல்லைக்குப் போய்ச் செங்கற்களை அள்ளிவந்து தையல் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"மிஷின செங்கல்லு மேல ஏத்திருவோம். அங்கன ஒரு கை பிடிங்கக்கா. ஒத்தையில தூக்க முடியாது."

சுகிர்தா கைப்பையைத் தரையில் வைத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மறுபக்கத்து இரும்புக் காலைக் குனிந்து பிடித்தார்.